மூணாவது பாட்டில் ஓர் இருமல்

பிள்ளைகளா, அப்போதெல்லாம் இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரெதிரே வைத்து, ஒன்றில் ஓடும் பாட்டை மற்றதில் பதிவோம். வீட்டுச் சத்தமும் சேர்ந்து பதிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, நான் ஏறிய திருச்சுழி பஸ் அருப்புக்கோட்டையை விட்டுக் கிளம்பியதும் முன் சீட்டுக் கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"ஏலே சூசை, நீ கேட்டுட்டுத் தாடான்னு குடுத்த கேசட்டுல மூணாவது பாட்டுல உங்க மாமனார் இருமுறாரு."

"அது ஏ பக்கம். பி பக்கத்தைக் கேளுலே, அதான் பாட்டு."

"உனக்குக் காது அவிஞ்சு போச்சு. ஏ பக்கத்து வயலினுக்கு ஈடு உண்டா? அது ஏறுற இடத்துல இருமுறாரு மனுசன்."

"அவுக தாளம் தப்பாமத்தான் இருமியிருக்காக."

"அதான் அழிச்சுட்டு, அதுலயே சுத்தமாப் பதியச் சொல்லிக் கடையில குடுத்துட்டேன்."

சூசை எழுந்துவிட்டார். "எப்பக் குடுத்த?"

"பஸ் ஏறுமுன்னதான். ஏன்லே?"

"அவுக செத்து ஆறு மாசமாச்சு. எங்க வீட்டுக்காரி ஞாயித்துக்கிழமையானா அதைப் போட்டுக் கேக்குறா. பாட்டுக்குன்னா நெனச்ச?"

பஸ்ஸை நிறுத்தி இருவரும் இறங்கி, வெயிலில் டவுனைப் பார்த்து ஓடினார்கள்.

"இருந்தாலும் பி பக்கம் சுமார்தாம்லே" என்று கண்ணாடிக்காரர் ஓடிக்கொண்டே சொன்னது கேட்டது. கேசட் தப்பியதா என்று எனக்குத் தெரியாது.

என்னிடமும் ஒரு கேசட் இருந்தது. நல்ல பாட்டுக்கு நடுவே நீங்கள் மிட்டாய்க்கு அடித்துக்கொள்வது அதில் பதிந்திருந்தது. அழித்துவிட்டு வேறு பதிய எண்ணியிருந்தேன். கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிட்டால் அதில் மறுபடி பதிய முடியாது. அன்று வீட்டில் யாரும் இல்லாதபோது, கரண்டிக் காம்பால் அந்த இரண்டையும் ஒடித்துவிட்டேன்.