நனைய வேண்டிய சுவர்

"நனையணும்னுதாண்டி அந்தச் சுவரையே கட்டினேன்" என்றாள் எதிர் சீட்டுப் பெண். தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயில், மகளிர் பெட்டி. ஆர்க்கிடெக்ட் போலிருக்கிறது.

"எதுல கட்டினே?" என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

"களிமண்ணும் தேங்கா நாரும் கலந்த கல்லுல. சூளையில சுடாதது. மழைக்குத் தாங்குதான்னு பார்க்க, மொட்டை மாடியில இடுப்பு உயரத்துக்கு எழுப்பினேன். நேத்து செம மழை. ஆசையா வீட்டுக்குப் போனா, மாமியார் அதுக்குத் தார்ப்பாய் போத்தி வெச்சிருக்காங்க. 'கஷ்டப்பட்டுக் கட்டினியேம்மா, கரைஞ்சிடப் போகுதுன்னு ஓடினேன்'ங்கறாங்க. தலையெல்லாம் ஈரம்."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? துண்டை எடுத்துத் துவட்டிவிட்டேன்."

பல்லாவரம் தாண்டியதும் ஜன்னலில் சாரல் அடித்தது. அவள் அவசரமாகச் செல்போனை எடுத்தாள்.

"அத்தை, மழை வருதா? அந்தத் தார்ப்பாயை எடுத்துடுங்க. சுவர் நனையட்டும், அதுக்குத்தான் கட்டினது. ஆமா, கரைஞ்சா கரையட்டும்."

மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னவாம்?"

"தார்ப்பாயை எடுத்துட்டாங்களாம். குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்களாம்."

"நல்லதாப் போச்சு, அவங்க நனைய மாட்டாங்க."

"குடை சுவருக்குடி."