மஞ்சு போட்ட டேக்

— பத்து நிமிஷம்தான் பேசக் குடுத்திருக்காங்க எழிலன். அதுல மூணு நிமிஷமா கோட்டையவே பாத்துட்டிருக்கீங்க. அது எங்கயும் ஓடிடாது.

— இல்ல மஞ்சு... மொட்டமாடிக்கு வந்தா கண்ணு தானா அங்கதான போவுது...

— பொண்ணு பாக்க வந்தவரு நீங்க. ஏதாவது கேளுங்க.

— சரி... உங்க வேல இன்னா? தரகரு 'கம்ப்யூட்டர்'னு மட்டும் சொன்னாரு.

— எக்ஸ்எம்எல். டாக்குமென்ட்டுக்கு டேக் போடறது.

— டேக்னா... துணிக்கடையில தொங்குமே, அதுவா?

— அப்படியே வெச்சுக்குங்க. இது பேரு, இது ஊரு, இது படிப்புன்னு ஒவ்வொன்னுக்கும் முன்னால ஒரு டேக் தொறக்கணும். முடிஞ்சதும் மூடணும். நமக்குப் பாத்தாலே தெரியும். மெஷினுக்கு எழுதி ஒட்டுனாத்தான் தெரியும்.

— மூட மறந்துட்டா?

— மொத்த ஃபைலையும் வேணான்னு தள்ளிடும். சீர்ல ஒரு தட்டு கொறைஞ்சா மூஞ்சத் தூக்குவாங்களே சம்மந்தி, அந்த மாதிரி.

— ஏங்க... கீழ எங்கம்மா இருக்காங்க, மெதுவா... ஒரு டேக்குக்குள்ள இன்னொன்னு வந்தா?

— அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ல ஏறியிருக்கீங்களா?

— ஏறாம? நசுங்கியிருக்கேன்.

— மொதல்ல ஏறுனவன் உள்ள மாட்டிக்குவான், கடைசியிலதான் எறங்குவான். கடைசியா ஏறிப் படியில தொங்குறவன் மொதல்ல எறங்கணும். டேக்கும் அப்படித்தான். கடைசியாத் தொறந்தத மொதல்ல மூடணும்.

— நடுவுல இருக்கறவன் ஜன்னல் வழியா குதிச்சா?

— எர்ரர்.

— அப்போ பஸ்ஸு?

— பரவால்லியே! பஸ்ஸுதான் வெளிய இருக்கற பெரிய டேக். ஒரு ஃபைலுக்கு ஒன்னே ஒன்னு. எல்லாம் அதுக்குள்ளதான்.

— சரி, தொறந்தாச்சு... உள்ள எழுத ஒன்னுமே இல்லன்னா?

— தொறந்து மூடிட்டாப் போதும். காலியா இருக்கறது தப்பில்ல.

— அப்பாடா...

— இன்னா அப்பாடா?

— ஒன்னுமில்ல... கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்ருவீங்களா?

— இதக் கேக்கத்தான் வந்தீங்களா? எங்க நைனா கல்லு ஒடைச்சுப் படிக்க வெச்சாரு. எங்க வீட்ல மொத டிகிரி நான். விடமாட்டேன். பஜ்ஜியத் துன்னுட்டுக் கெளம்புங்க.

— ஐயோ, கோவப்படாதீங்க! அம்மா கேக்கச் சொன்னாங்க, கேட்டேன். 'விடமாட்டாங்களாம்'னு சொல்லிடறேன்... ஆனா, ஒன்னு மறைச்சுட்டேங்க.

— சொல்லுங்க.

— திருமண மையத்து ஃபாரத்துல 'எதிர்பார்ப்பு'ன்னு ஒரு எடம் இருந்துச்சு. 'செவப்பா, வீட்டோட இருக்கற பொண்ணு, இருபது பவுனு'ன்னு அம்மா எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன்னு பொய் சொல்லிட்டுக் காலியா விட்டுட்டேன். இப்போ அம்மா கீழ உங்க நைனாகிட்ட...

— காலியா விட்டது தெரியும்.

— தெரியுமா? எப்படி?

— அந்த மையத்து ஃபைலுக்கு டேக் போட்டதே நான்தான். நானூத்திப் பன்னெண்டு மாப்பிள்ளைங்க. 'எதிர்பார்ப்பு' காலியா இருந்தது உங்களுது ஒன்னுதான். எர்ரரோன்னு ரெண்டு தடவ செக் பண்ணேன். பின்ன, தரகரு உங்க வீட்டுக்குத் தானாவா வந்தாரு?