பத்திரமான குழு

எனக்குக் கணினியில் ஆர்வம் உண்டு, அவ்வளவுதான், ஐயா. ஒப்பந்தக் கம்பெனி ஆபீசில் பதினோரு வருஷமாக ஆபரேட்டர். சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் பழுப்பு நிலக்கரியை அள்ளுகிற ஆட்கள் பத்தொன்பது பேர் எங்கள் கம்பெனியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு, நானும் அதில் உண்டு. அதில் பேசுவதெல்லாம் சூப்பர்வைசர் நல்லசாமி காதுக்குப் போனது. இரண்டு பேருக்கு கேட் பாஸ் நின்று வேலை போனது.

குழுவை நடத்திய மலர்கொடி என்னிடம் வந்தாள். கம்மாபுரத்துக்காரி. "சார், யாரும் ஒட்டுக்கேக்காத மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க. உங்களத்தான் நம்பிக்கினு இருக்கோம்."

மூன்று செயலிகளைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றில் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாமல் நிரல் மூடியிருந்தது, தள்ளினேன். இன்னொன்று பழைய போன்களில் திக்கியது. கடைசியில் எடுத்தது இலவசம், நிரல் திறந்திருக்கும், செய்திகள் பூட்டப்பட்டே போகும். செய்திகள் சேரும் சர்வர் பெட்டி அயலாரிடம் இருக்கக் கூடாது என்று மந்தாரக்குப்பத்தில் என் வீட்டு டிவிக்குக் கீழேயே வைத்தேன். அட்மின் நான் ஒருவன்தான்.

வாட்ஸப் பேச்சை நல்லசாமியிடம் கொடுத்ததும் நான்தான், ஐயா. ஆனால் அதில் யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். இதில் அந்தக் குழப்பம் இல்லை.

நல்லசாமி நியாயமான மனிதர். "இந்த வாரம் மட்டும் வேல நிக்கக்கூடாது, பாலகுமார். பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு போவுது," என்றார்.

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை. மலர்கொடி குழுவில் எழுதினாள்: "நாலாம் பெல்ட்டுல அவசரத்துக்கு நிறுத்துற கயிறு அறுந்து கெடக்குது. சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டேன். கட்டுற வரைக்கும் யாரும் உள்ள போவாதீங்க." அதைச் சொன்னதற்காகவே அவளை அப்போது வேறு யார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு மணி ஷிப்ட் ஆட்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

யாரும் பார்ப்பதற்குள் அந்த வரியை அழித்தேன். அழித்த அடையாளம் யார் போனிலும் தெரியாது, அவள் போனிலும்கூட. அப்படித்தான் அமைத்திருந்தேன். ஷிப்ட் நேரத்துக்குத் தொடங்கியது.

மூன்றே முக்காலுக்கு, நாலாம் பெல்ட்டில் அள்ளிக்கொண்டிருந்த தனபாக்கியத்தின் சட்டை நுனி உருளையில் சிக்கியது. கூட இருந்தவள் கயிற்றை இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது.

சாவு வீட்டில் எல்லோரும் மலர்கொடியைத்தான் கேட்டார்கள். "கயிறு அறுந்தது தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அவள் போனைத் திறந்து தேடினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நான் போட்டேன் சார். போட்டேன்தானே?"

"சர்வர்ல ஒண்ணும் இல்லம்மா. பதட்டத்துல அனுப்ப மறந்திருப்ப."

போனை இடுப்பில் செருகினாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். அப்புறம் தனபாக்கியத்தின் மகள் எழில்மதியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். பார்க்கச் சங்கடமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் வீட்டு சர்வர் பெட்டியை நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்து வந்து, அழித்த பதிவைப் பார்த்துவிட்டீர்கள். அதனால் மறைக்க ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் அழித்தேன். ஆள் சாகலாம் என்று தெரியும்.

போன வாரம் மலர்கொடியை நீக்கிவிட்டு என்னைக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாவம், அவர்களுக்கு நம்பிக்கையான ஆள் வேறு யாரும் இல்லை.