பாவைக் கடக்காதவள்

"ராத்தா, பாஞ்சி வா! பாவுக்கு மேலால பாஞ்சி வா!"

கத்துகிறேன். விமானம் தென்னை உயரத்தில் வருகிறது. முதலில் உறுமல். பிறகு சடசடவென்று, தகரத்தில் கல் கொட்டுவது போல. மணல் தெறிக்கிறது. நானும் மாமியும் கொட்டிலுக்குள், தறிக்குழியில். ராத்தா, என் அக்கா, வெளியே வாவிப் பக்கம். நடுவில் பாவு.

1942. ஏப்ரல். காத்தான்குடி. காலையிலிருந்தே கடலில் குண்டுச் சத்தம். வெள்ளைக்காரனின் கப்பலை யப்பான்காரன் அடிக்கிறான் என்றார்கள். கப்பலைத்தானே. நாங்கள் மூவரும் பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். நெய்வதற்கு முன் இழுத்துக் கட்டிய நூல். வீட்டு வளவின் நீளம். முழங்கால் உயரம். ஒரே எட்டில் கடக்கலாம்.

ரங்கூனில் எங்களுக்கு வீடு இருந்தது. டிசம்பரில் குண்டு விழுந்தது. வாப்பாவும் உம்மாவும் வீட்டோடு போனார்கள். நானும் ராத்தாவும் கப்பலேறி வாப்பாவின் தங்கையிடம் வந்தோம். மாமி சோறு போட்டார். குத்தலும் போட்டார்.

"ரங்கூன்காரியளுக்குத் தறிட மருவாதி தெரியுமா? பாவைக் கடந்த பொம்புள அந்த வீட்டுல நிலைக்கமாட்டாள். தெரிஞ்சிக்கங்க."

நான் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை.

அவள் ஒரு போர்வை நெய்துகொண்டிருந்தாள். மூன்று துண்டு. உம்மா ரங்கூனில் கட்டிய லுங்கியைப் பிரித்த நூலில் சிவப்பு. அது ரங்கூன். கப்பலில் தந்த கம்பளியைப் பிரித்துச் சாம்பல். அது கடல். மூன்றாவது பச்சை. அது இந்த ஊர். "போர்வையா, பூகோளப் படமா புள்ள?" என்று மாமி கேலி செய்தார். ஆனாலும் இந்தப் பாவின் கடைசி முழங்களைப் பச்சைத் துண்டுக்குத் தருவதாகச் சொன்னார். "அது முடிஞ்சா நாம இஞ்சத்த ஆக்கள்" என்றாள் ராத்தா.

விமானம் வந்ததும் முதலில் பாவைக் கடந்தது யார்? மாமி. மருவாதி சொன்ன அதே மாமி. சேலையைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். பின்னால் நான்.

ராத்தா பாவோரம் நிற்கிறாள். காலைத் தூக்குகிறாள். இறக்குகிறாள். பாவைச் சுற்றி வர ஓடுகிறாள்.

"பாஞ்சி வா மகள்! ஒண்டும் ஆகாது, பாஞ்சி வா!" மாமியும் அலறுகிறார்.

விமானம் திரும்புகிறது. சடசட.

முனைக் கட்டை வரை ஓடிவிட்டாள். அங்கேதான் விழுந்தாள். பாவு அறுந்து அவள் மேல் சுருண்டது. நான் அதை மிதித்துக்கொண்டுதான் அவளிடம் போனேன். மூச்சு இல்லை.

யப்பான்காரன் அவள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான். வெள்ளைக்காரன் எங்களுக்கு ஒரு அபாயச் சங்குகூட ஊதவில்லை. அவனவன் சண்டைக்கு எங்கள் வளவா கிடைத்தது? கப்பலில் செத்தவர்களை எழுதி வைத்தார்கள். இவளை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

பின்னேரம் ஊரார் தூக்கிப்போய் மையவாடியில் அடக்கினார்கள். இனி அவளை ரங்கூன்காரி என்று எவரும் சொல்ல முடியாது.

போனவை இவை. ரங்கூனில் வாப்பா, உம்மா, வீடு. இங்கே ராத்தா. ஒரு பாவு. போர்வையில் இரண்டு துண்டு என்னிடம் இருக்கிறது. சிவப்பு. சாம்பல். பச்சை இல்லை.