வடக்குக் கம்பத்தில் நிற்க ஓர் ஆள்

சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, இம்மாதத்தோடு பணி நிறைவு பெறும் அன்பிற்குரிய திரு. ஜெபசிங் அவர்களுக்கு, உடன் பணியாற்றியவர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

விசில் ஊதிய வாயால் ஒருநாளும் வசவு ஊதாதவரே! பனவடலிசத்திரத்துக்கும் ராயகிரிக்கும் நடுவில் நின்று, இரண்டு ஊர் ஏச்சையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்ட நடுவரே! கடல் கடந்த ஆட்டம் ஒன்றைக் கரிசல் மண்ணில் ஊன்றி, அது காய்ந்துபோகாமல் காத்தவரே! வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பைத் தலைமையாசிரியர், ஆய்வக உதவியாளன் பெத்துராஜாகிய என்னிடம் கொடுத்தார். உங்களைப் பற்றிச் சொல்ல இங்கே எல்லோரிடமும் நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றோடு, நீங்கள் என்னிடம் விட்டுவைத்த ஒரு கேள்விக்கும் இதிலேயே பதில் சொல்லிவிட நினைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில், இறந்துபோன என் தம்பி மூக்காண்டியின் இடத்தில் நீங்கள் நிற்கலாமா என்பதே அந்தக் கேள்வி.

வந்திருக்கும் விருந்தினர் சிலருக்கு ஆட்டமே புதிதாக இருக்கலாம். இது அயர்லாந்துக்காரர்களின் ‘கேலிக்’ (Gaelic) என்ற கால்பந்து. பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். இரண்டு கம்பங்கள் பனைபோல உயர்ந்து நிற்கும். நடுவே குறுக்குச் சட்டம். சட்டத்துக்குக் கீழே பந்து போனால் கோல். மூன்று புள்ளி, பச்சைக் கொடி. சட்டத்துக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கம்பத்துக்கு ஒருவராக வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் நின்று கொடி தூக்குவார்கள்.

வளைகுடாவில் ஒரு பள்ளி மைதானத்தில் வேலை பார்த்த இளவயதில், அங்கிருந்த ஐரிஷ் ஆசிரியர்கள் ஆள் குறைந்த ஒரு வெள்ளிக்கிழமை உங்களைக் கம்பத்தருகே நிறுத்தினார்கள். அப்படித்தான் இந்த ஆட்டத்தைக் கற்றீர்கள். ஊர் திரும்பி எங்கள் பள்ளியில் சேர்ந்ததும் நான்கு ஊர்களுக்கு அணி கட்டினீர்கள். எந்தத் தெரு என்று யாரிடமும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று மட்டுமே கேட்டீர்கள். பிறந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும், அதற்குக் கூலி கிடையாது என்ற அயர்லாந்தின் சட்டத்தை அப்படியே கொண்டுவந்தீர்கள். துபாயில் ஐரிஷ்காரர்களின் கிளப்பில் ஆடும் ரிஸ்வான் அகமது விடுமுறையில் வந்து, ராயகிரி அணி பலமாக இருக்கிறதென்று அதில் சேரக் கேட்டபோது நீங்கள் சொன்னதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்: “ஒங்க உம்மா ஒன்னைய ராயகிரியிலயா பெத்தா? போலே, போயி திருவேங்கடத்துக்கு ஆடு!”

நடுவர், கம்பத்து ஆட்களைத் தானே கூட்டிவருவார் என்பதும் அந்த நாட்டு வழக்கம். தனக்கு நம்பிக்கையான நால்வரை, சொந்தக்காரரையோ கூட்டாளியையோ, அவரே அழைத்து வரலாம். நீங்கள் அழைத்த நால்வரில் நானும் மூக்காண்டியும் இருவர். வடக்குப் பக்கத்துக் கம்பங்கள் இரண்டும் எங்களுடையவை. என் கையில் பச்சை. அவன் கையில் வெள்ளை. தையல் கடை வைத்திருந்த அவன்தான் நால்வருக்கும் கோட்டு தைத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்த பிறகே கொடி எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். நான் தயங்கினால் அந்தப் பக்கத்திலிருந்து அவன் கத்துவான்: “ஏண்ணே, கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு! பந்து போயி டீ குடிச்சிட்டு வந்துரும்!”

திருவேங்கடத்தில் ஆட்டம் முடிந்து வந்த ஒரு மாலையில், நாங்கள் வந்த பைக் மீது லாரி மோதியது. ஓட்டியவன் அவன். பின்னால் இருந்த நான் பிழைத்தேன். இருவரும் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கம்பத்துக்கு நீங்கள் வேறு ஆளை அழைக்கவில்லை. வெள்ளைக் கொடியை அதன் அடியில் மண்ணில் ஊன்றிவைத்தீர்கள். சந்தேகமான பந்து வந்தால் ஓடிவந்து என்னைப் பார்ப்பீர்கள். பிறகு ஆளில்லாத அந்தக் கம்பத்தைப் பார்ப்பீர்கள். ஒரு மூச்சு நேரம் பொறுப்பீர்கள். அதன் பிறகே விசில். “யாரு சார் அங்கன நிக்கா, ஒங்க மாமனாரா?” என்று கூட்டம் கேலி செய்யும். “வே, நீரு ஆட்டம் பாக்க வந்தீரா, ஆளு பாக்க வந்தீரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்.

துக்கத்தில் இருக்கும் எனக்காக இப்படிச் செய்கிறீர்கள் என்றுதான் நெடுநாள் நினைத்தேன். சென்ற ஆண்டு அரையிறுதியில் அந்த நினைப்பு போயிற்று. பனவடலிசத்திரமும் ராயகிரியும் சமநிலை. கடைசி நேரத்தில் சத்திரத்துப் பையன் அடித்த பந்து கம்பத்தின் உச்சிக்கும் மேலே போனது. உள்ளேயா வெளியேயா என்று எனக்குத் தெரியவில்லை. மேற்கு வெயில் கண்ணை அடைத்துவிட்டது. பழக்கத்தில் எதிர்க் கம்பத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. காற்றும் இல்லை. ஆனாலும் என் கால்கள் அந்தப் பக்கம் நடந்தன. போய்ப் பார்த்தால், மண்ணில் ஊன்றிய கொடி பிடுங்கப்பட்டு, கம்பத்தில் சாய்ந்து நின்றது. எடுத்தேன். கைப்பிடி வியர்வையில் நனைந்திருந்தது. அவன் கையிலிருந்து வாங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. தூக்கினேன்.

ராயகிரிக்காரர்கள் கொதித்து ஓடிவந்தார்கள். நீங்கள் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து ஒன்றே கேட்டீர்கள்.

“அவன் சொன்னானா?”

“ஆமா சார்.”

விசில் ஊதினீர்கள்.

துபாயில் இருந்தபடி அந்த ஆட்டத்தைக் கைப்பேசி நேரலையில் பார்த்த ரிஸ்வான் அன்றே என்னை அழைத்தான். “பந்து உள்ளதான் அண்ணாச்சி, நல்லாத் தெரிஞ்சுது. மூக்காண்டி அண்ணன் எடத்துக்கு ஆளு போட்டுட்டியளாக்கும்? கோட்டு தெரிஞ்சுது, மூஞ்சிதான் தெரியல. யாரு அது?” என்றான். நான் அழைப்பைத் துண்டித்தேன். இதை உங்களிடம்கூட இதுவரை சொல்லவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் இடத்துக்குக் காவியா டீச்சர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் நடுவர். சென்ற ஆண்டுக் கடைசியில் பள்ளியில் சேர்ந்தவர். என் தம்பியை அறியாதவர். போன வாரம் சுண்ணாம்புக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்பத்தருகே தனியாகப் போனவர், விறுவிறுவென்று அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார்.

“அண்ணாச்சி, அங்கன பக்கத்துல யாரோ மூச்சு விடுத மாதிரி இருக்கு.”

எழுத்தர் தங்கப்பழம் தலையைத் தூக்காமலே சொன்னார்: “அது வேலி ஓரமா கட்டிப்போட்ட ஆடு, டீச்சர்.”

“ஆட்டு மேல ஏது அண்ணாச்சி தையல் மிஷின் எண்ணெய் வாசம்?”

தங்கப்பழம் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

கம்பம் ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்பது, நீங்கள் இத்தனை நாள் வளைத்துவந்த சட்டம். காவியா டீச்சருக்கும் தன் ஆட்களை அழைக்கும் உரிமை உண்டு. அவர் என்னை அழைத்தார். எதிர்க் கம்பத்துக்கு உங்களை அழைத்தார். நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “பெத்துராஜ்கிட்ட கேளும்மா. அது அவன் தம்பி எடம்” என்றீர்கள்.

மூன்று இரவு யோசித்தேன், சார். அந்த இடத்தில் வேறொருவர் நின்றால் அவன் எங்கே போவான் என்று பயந்தேன். வீட்டில் அவன் இல்லை. கடையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். எனக்கு அவன் மிச்சம் இருப்பது அந்தக் கம்பத்தடியில் மட்டும்தான். உங்களைத் தவிர வேறு யாரைக் காவியா டீச்சர் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பேன். ஆளில்லாத இடத்தைப் பார்த்து நீங்கள் பொறுத்த அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான், அவன் இருக்கிறான் என்று நானே நம்பத் தொடங்கினேன்.

ஆகவே, நில்லுங்கள். வெள்ளைக் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான பந்து வந்தால் நான் அந்தப் பக்கம் பார்ப்பேன். உங்கள் தலையசைப்புக்குக் கட்டுப்படுவேன். ஆனால் கம்பத்தை ஒட்டி நிற்க வேண்டாம். நடுவில் ஓர் ஆள் அகலம் விட்டு நில்லுங்கள்.

நீங்கள் நெடுநாள் நலத்தோடு இருக்க வேண்டும் என்று இங்கே உள்ள அனைவரும் வாழ்த்துகிறோம். நான் வாழ்த்துவதும் அதையேதான், சார். எத்தனை ஆண்டு அங்கே நின்றாலும், அந்த ஓர் ஆள் அகலம் குறையாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
சங்கரன்கோவில்.

எழுதியவர்: பெத்துராஜ், ஆய்வக உதவியாளர், வடக்குப் பக்கம், பச்சைக் கொடி.