எது நம்ம பம்பு?

…இல்லைங்க, அந்தச் சத்தமே வேற! வாஷிங் மெஷின் வாங்கின புதுசுல, துணி பிழியறப்போ ‘உய்ய்ய்ங்’னு ஆரம்பிச்சு, வீடே கிளம்பிப் போயிடப்போற மாதிரி ஏறும். சின்னவ தொட்டில்ல படுத்துக்கிட்டு அதைக் கேட்டே தூங்குவா. சத்தம் நின்னா முழிச்சுக்குவா! இப்ப நீங்க கேட்டது அது இல்ல. அது எங்க வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழ போட்டது. கீழ உங்க சமையலறையில தண்ணி சொட்டுதே, அதுவும் அவர் கைங்கரியம்தான். துண்டு வச்சு அடைச்சுட்டேன், இனிமே சொட்டாது. உள்ள வாங்கன்னு கூப்பிடலாம்னா… எங்க கால் வைப்பீங்க? வாசல்லயே நில்லுங்க, பாவம்.

ஆமாங்க, ரெண்டு மெஷின். நீங்க குடி வந்து ஒரு வாரம்கூட ஆகல, இதென்னடா வீடுன்னு நினைப்பீங்க.

எங்க மெஷின்ல அழுக்குத் தண்ணியை வெளிய தள்ற பம்பு போச்சு. கைக்குள்ள அடங்கற சாமான்! அதுக்கு இவர் ஏறி இறங்காத கடையில்ல. ஒருத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “இந்த மாடல் இன்னும் ஓடுதா சார்?”னாராம். “ஓடினா உன்கிட்ட ஏன்யா வரேன்?”னு இவர் சண்டை. போன்ல ஆர்டர் போட்டு ஒண்ணு வந்துது. பளபளன்னு இருந்துது… வாய் மட்டும் ஒரு விரல் அகலம் ஜாஸ்தி. மகன் “புதுசே வாங்கித் தரேம்ப்பா”ன்னான். போதாதா? ரோஷம் வந்துடுச்சு. “நான் ஓட வச்சுக் காட்டறேன் பாரு!”

கடைசியில பழைய இரும்புக் கடையில இதே மாடல், இதே நிறம். மோட்டார் புகைஞ்சு போனது, ஆனா பம்பு நல்லா இருக்காம். ரெண்டு ஆளை வச்சுத் தூக்கிட்டு வந்துட்டாரு. அதைக் கழட்டி இதுல மாட்டினா முடிஞ்சுது, இல்லையா? ஊஹும்! ரெண்டையும் பிரிச்சு, குழாய், வளையம், எது எது தேஞ்சிருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்கணுமாம். தரையில பேப்பர் விரிச்சு, இந்தப் பேப்பர்ல நம்மது, அந்தப் பேப்பர்ல அதோடது. ஆனா ஒண்ணு… வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கினதுலேர்ந்து சுவரைப் பாத்துப் படுத்திருந்த மனுஷன், விசில் அடிச்சாருங்க! சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

நேத்துலேர்ந்து விசில் இல்ல. இந்தப் பம்பை மாட்டினா மூச்சே விடல. அந்தப் பம்பை மாட்டினா குழாய் கிழிஞ்சு தண்ணி உங்க வீட்டுக்கு! தலையில கை வச்சுக்கிட்டு, “எந்தப் பேப்பர் நம்மதுன்னு மறந்துட்டேன் போல. ஆரம்பிச்சுடுச்சு”ங்கறாரு.

மெக்கானிக்கா? ஐயோ, வேணாங்க… மெல்லப் பேசுங்க. அவருக்கு ஒண்ணும் மறக்கல. அத்தனை பாகத்துலயும் நூலும் சோப்பும் களி மாதிரி அப்பிக் கிடந்துதா… “கழுவித் தரேன்”னேன். “பாத்து, கலந்துடாதே”ன்னாரு. “எனக்குத் தெரியாதா?”ன்னு வீறாப்பா மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய், தேய்ச்சுக் காய வச்சேன். திடீர்னு மழை! அவசரத்துல எல்லாத்தையும் ஒரே கூடையில அள்ளிட்டேன். கீழ வந்து இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு… பங்கு பிரிச்சு வச்சுட்டேன். “சரியா வச்சியா?”ன்னாரு. “சரியாத்தான்”னேன். வாய் இருக்கே, என் வாய்!

என்ன, கிளம்பறீங்களா? அடுப்புல பாலா? சரி சரி, ஓடுங்க. படியெல்லாம் ஈரம், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க!

ஆங்? சொல்லிடணுமா? இதோ, உள்ள போனதும் சொல்லத்தான் போறேன். திட்டட்டும், வீடு அதிரத் திட்டட்டும், நல்லதுதான். “ஆரம்பிச்சுடுச்சு”ன்னாரே, அந்த வார்த்தையைத்தான் என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. இவரோட அப்பா கடைசி வருஷம் முழுக்க, சோறு ஊட்டற இவரைப் பாத்து, “நீ யாரு வீட்டுப் பிள்ளை, தம்பி?”ன்னு கேட்டாரு. மகன்னு தெரியாமயே போய்ச் சேந்தாரு.