சுப்புலக்ஷ்மி சேவ் செய்யாத வரி

ராத்திரி பதினொன்றரை. செம்பூரிலிருந்து மாஹுல் பக்கம் போகிற சாலை. போனவர்களுக்குத் தெரியும்... பகலிலேயே அங்கே டேங்கர் லாரிகளைத் தவிர ஆள் நடமாட்டம் இருக்காது. ஓரமாக வரிசை கட்டி நிற்கிற டேங்கர்கள். தொண்டையைக் கமறுகிற எண்ணெய் வாடை. நசநசவென்று மழை. ஆட்டோக்காரன் இதற்கு மேல் வரமாட்டேன் என்று ஹிந்தியில் சொல்லி, பாதி வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தவர் வைத்தீஸ்வரன். என் சிநேகிதி ஷாலினியின் அத்திம்பேர். அவளுடைய அக்கா, அவர் மனைவி சுப்புலக்ஷ்மி இறந்து அப்போது ஒரு வருஷம்.

நெருங்கி உட்காருங்கள்... மழை விடுகிற மாதிரி இல்லை. பேய் என்றால் புளியமரத்தில்தான் தொங்கும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுக்கலாம். இது நடந்தது ஏசி அறையில். கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கிற அறையில்.

வைத்தீஸ்வரனுக்கு வேலை ஒரு டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது. மும்பையிலும் தாணேயிலும் டயாலிசிஸ் சென்டர்கள் நடத்துகிற ஒரு கம்பெனி. எந்த நோயாளிக்கு எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒரே சர்வரில் இருக்கிறது. வருஷா வருஷம் இவர் திட்டம் போட்டுக் கொடுப்பார். இவ்வளவு டிஸ்க் வேண்டும், ஒரே சமயத்தில் இத்தனை கனெக்‌ஷன் விடலாம் என்று. அந்த வரம்பு நிரம்பிவிட்டால் அடுத்து வருகிறவருக்குக் கதவு திறக்காது. ஆனால் நிர்வாகி உள்ளே போவதற்கு மட்டும் இரண்டு மூன்று இடங்களை ஒதுக்கி வைப்பார்கள். எவ்வளவு நெரிசலான லோக்கல் ரயிலிலும் கார்டுக்குத் தனி இடம் இருக்கிறதே, அந்த மாதிரி.

அவர் போட்ட கணக்கு தப்பியதே இல்லை. சுப்புலக்ஷ்மி போன பிறகுதான் தப்பியது. டிஸ்க் இரண்டு மடங்கு வேகத்தில் நிரம்பியது. புது டிஸ்க் போட்டார், அதுவும் நிரம்பியது. அன்று ராத்திரி ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. விடிவதற்குள் துளி இடம் இருக்காது, கனெக்‌ஷனும் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றார்கள். காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட் நோயாளிகள் வந்து படுப்பார்கள். பட்டியல் திறக்காவிட்டால் மெஷின் ஓடாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற வைத்தியமா அது?

மாஹுல் சாலையில் சர்வர் இருக்கிற கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி இசக்கிதுரை உட்கார்ந்திருந்தான். தாராவிப் பையன்.

"என்ன ஸார், இந்த மழைல வந்திருக்கிய? முழுக்க நனைஞ்சிட்டியளே."

வைத்தீஸ்வரன் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். கதவுக்கு வெளியே இருக்கிற பெட்டியில் தன் ஃபோனை வைத்தார். சர்வர் அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. அதுதான் சட்டம். அந்தச் சட்டம்தான் அந்த மனுஷனை உயிரோடு கொன்றது. சுப்புலக்ஷ்மி தாணே சென்டரில் டெக்னீஷியன். போன வருஷம் ஒரு மத்தியானம், தலையைச் சுற்றுகிறது என்று காலியாக இருந்த படுக்கையில் சாய்ந்திருக்கிறாள். புருஷனைக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பத் திரும்ப. இவர் இந்த அறைக்குள்ளே இருந்தார். ஃபோன் வெளியே பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்துபோயிற்று. சாயங்காலம் வெளியே வந்து பார்த்தபோது அவள் இல்லை.

என்ன சொல்லக் கூப்பிட்டாள்? அந்த ஒரு கேள்வி ஒரு வருஷமாக அவரை அரித்துத் தின்றது. அழுகையைக்கூட ஒரு நாள் நிறுத்திவிடலாம். இதை நிறுத்த முடியவில்லை.

உள்ளே போனார். குளிர். ஃபேன்களின் ங்ங்ங் என்ற ஓயாத சத்தம். நிர்வாகிக்கு ஒதுக்கிய இடத்தின் வழியாக நுழைந்து, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒதுக்கிய இடங்களில் இன்னொன்றிலும் ஆள் இருந்தது. இத்தனை மாதம் தேடியும் கண்ணில் படாத ஆள்.

பெயர், சுப்புலக்ஷ்மி. தாணே சென்டர் கம்ப்யூட்டர். உள்ளே வந்தது, அவள் செத்த அன்றைக்கு. ஏதோ எழுதியிருக்கிறாள்... சேவ் செய்யவில்லை.

அது அவளுடைய பழக்கம். காலையில் பட்டியலைத் திறந்தால் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் சேவ் செய்வாள். மாட்டுங்கா வீட்டில் இதற்காகவே சண்டை நடக்கும்.

"ஏண்டீ, காலைலேர்ந்து ஒரே லிஸ்டைத் திறந்து வெச்சுண்டு உக்காந்திருந்தா, சர்வர் என்னத்துக்கு ஆறது?"

"ஏன்னா, சர்வருக்கு வலிச்சா அது அழட்டும். நீங்க ஏன் அழறேள்?"

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. யாராவது பழைய பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தால், அதற்குப் பிறகு சேர்கிற குப்பையைச் சர்வர் வெளியே கொட்டாது. இவர் பார்த்து முடிக்கட்டும் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு வருஷமாக டிஸ்க் நிரம்பியது அதனால்தான்.

ஆனால்... அந்த ஒரு வருஷத்தில் சர்வரை எத்தனையோ தடவை நிறுத்திப் போட்டிருக்கிறார்கள். நிறுத்தினால் ஒரு கனெக்‌ஷனும் மிஞ்சாது. அவள் போன பிறகு அறைக்குள் வைத்த மேஜை ஃபோனை எடுத்துத் தாணேக்கு அடித்தார். நைட் டியூட்டியில் ராபியா இருந்தாள். சுப்புலக்ஷ்மியோடு வேலை பார்த்தவள்.

"அக்காவோட கம்ப்யூட்டரா சார்? அதை அப்பவே பங்காருக்கு, பழைய சாமான் கடைக்குப் போட்டாச்சே. தாராவிலேருந்து வந்து எடுத்துட்டுப் போனாங்க. இந்நேரம் செம்பு வேற பிளாஸ்டிக் வேறன்னு ஒடச்சுப் பிரிச்சிருப்பாங்க."

"அந்த இடத்துல இப்போ என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். வெறும் சுவருதான்."

ஃபோனை வைத்தார். ஒரே ஒரு கட்டளை. தட்டினால் அந்தக் கனெக்‌ஷன் அறுந்துவிடும், டிஸ்க் காலியாகும், காலையில் நோயாளிகள் பிழைப்பார்கள். ஆனால் அவள் எழுதி சேவ் செய்யாதது என்னவோ, அதுவும் அடியோடு அழிந்துவிடும். சேவ் செய்கிறவரை எழுதியவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. நிர்வாகிக்கும் தெரியாது. அவள் கடைசியாக எழுதியது அங்கே இருக்கிறது... இவரால் படிக்க முடியாது. அவளாக சேவ் செய்தால்தான் உண்டு.

கட்டளையை அடித்து வைத்தார். கடைசி விசையை மட்டும் தட்டவில்லை. டிஸ்க் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமோ. அப்போது அந்த வாடை வந்தது. வினிகர் வாடை. டயாலிசிஸ் மெஷினைக் கழுவுகிற திரவத்தின் வாடை. தினமும் சாயங்காலம் அவள் புடவையில் வீட்டுக்கு வருமே, அதே வாடை. மூடிய அறைக்குள்... அவர் நாற்காலிக்குப் பின்னால்.

மேஜை ஃபோன் அடித்தது. வெளியிலிருந்து இசக்கிதுரை.

"ஸார், பொட்டிக்குள்ள ஒங்க ஃபோன் அடிச்சிக்கிட்டே கெடக்கு. வுட்டு வுட்டு அடிக்கி. சுப்புன்னு பேரு வருது ஸார்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கதவு திறக்கவில்லை. ஈரக்கையின் ரேகை பதியவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தார். கதவோடு ஒட்டி நின்றபோதுதான் வெளியே அடிக்கிற மணி கேட்டது. போன வருஷமும் இப்படித்தானே அடித்திருக்கும்... ஐயோ, இப்படித்தானே அடித்திருக்கும்! கதவு திறந்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

பேச்சு இல்லை. டயாலிசிஸ் மெஷினின் பம்ப் மெதுவாகச் சுற்றுகிற சத்தம் மட்டும். கிர்ர்க்... கிர்ர்க்...

"சுப்பு, எடுத்துட்டேன்டீ. உள்ளே இருந்தேன், காதுல விழலைடீ. பயப்படாதே. இதோ வந்துண்டே இருக்கேன்."

பம்ப் நின்றது. ஃபோன் அணைந்தது.

அவர் திரும்பி உள்ளே வந்தபோது திரையில் சுப்புலக்ஷ்மியின் பெயர் இல்லை. டிஸ்க் மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தது. அவள் சேவ் செய்துவிட்டாள்.

தாணே சென்டரின் பட்டியலைத் திறந்தார். அன்றைக்கு அவள் தன்னையே நோயாளியாகச் சேர்த்திருந்தாள். நோயாளிக்கு ஏதாவது ஆனால் வீட்டாரைக் கூப்பிட்டு, கூப்பிட்டதைக் குறித்து வைப்பது அங்கே வழக்கம். குறித்திருந்தாள். கணவருக்கு ஃபோன். எடுக்கவில்லை. கணவருக்கு ஃபோன். எடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை. அடுத்த நாள். அதற்கடுத்த நாள். தீபாவளியன்றைக்கு. வருஷம் பூராவும் ஒரு நாள் விடாமல். எடுக்கவில்லை. எடுக்கவில்லை. எடுக்கவில்லை.

கடைசி வரி சற்றுமுன் எழுதியது. எடுத்தார். வருகிறேன் என்றார்.

அதற்கு எதிரே, நோயாளியுடன் இருப்பவர் என்ற கட்டத்தில், வைத்தீஸ்வரன் என்று இருந்தது. வந்த நேரம் போட்டிருந்தது. போன நேரம் காலி.

அவர் நிர்வாகி, எந்த வரியையும் மாற்றலாம். போன நேரத்தில் அப்போதைய மணியைப் போட்டுத் தட்டினார். ஏறவில்லை. வேறொருவர் இந்த வரியைப் பிடித்து வைத்திருக்கிறார், காத்திருக்கவும் என்று வந்தது. யார்? உள்ளே இருப்பவர்களின் பட்டியலை மறுபடி திறந்தார்.

வைத்தீஸ்வரன் என்று ஒரு கனெக்‌ஷன். இந்த அறையிலிருந்து.

வைத்தீஸ்வரன் என்று இன்னொரு கனெக்‌ஷன்... சுப்புலக்ஷ்மியின் அதே தாணே சென்டர் கம்ப்யூட்டரிலிருந்து.

அதை அவர் துண்டிக்கவில்லை. பயந்துபோய்விட்டாரா என்று ஷாலினியிடம் கேட்டேன். இல்லையாம். பொறாமையாக இருந்தது என்றாராம். அந்த இன்னொருவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்று.

அன்றைக்குக் காலை நோயாளிகள் எல்லாருக்கும் மெஷின் ஓடியது. வைத்தீஸ்வரன் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறார். ஒவ்வொரு மாதமும் புது டிஸ்க் கேட்கிறார். எதற்கு இவ்வளவு என்று மேலே இருப்பவர்கள் கேட்டால், தாணேயில் ஒருவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்கிறார்.